ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு விஎம் விழுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"நேத்து வரைக்கும் ஓடுச்சு. ஒரே ஒரு ஸ்னாப்ஷாட்தான் எடுத்தேன். இன்னைக்குத் திறக்கவே மாட்டேங்குது." விஎம் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) பற்றி வரும் புகார்களில் அடிக்கடி காதில் விழுவது இதுதான். மூலகாரணங்கள் கொஞ்சம்தான், அவையே திரும்பத் திரும்ப வரும். காரணத்தைவிட அதிக சேதம் செய்வது, பதற்றத்தில் நாம் எடுக்கும் முதல் நடவடிக்கை.

கீழே உள்ளவை பெரும்பாலும் விஎம் ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளுக்கானவை. நிஜக் கணினியை ஹோஸ்ட் என்றும், அதற்குள் ஓடுவதை கெஸ்ட் என்றும் சொல்கிறேன். ஆபீஸ் சர்வரில் விஎம்களுக்கென்றே உள்ள இஎஸ்எக்ஸ்ஐ அல்லது ப்ராக்ஸ்மாக்ஸ் ஓட்டுபவர்கள் கடைசியில் உள்ள தனிப் பகுதியைப் பாருங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. ஸ்னாப்ஷாட் என்பது பின்னால் திரும்பி வருவதற்காக விஎம்மின் அந்தக் கண நிலையைக் குறித்து வைப்பது; பேக்கப் அல்ல, நகலும் அல்ல. எடுத்த கணத்திலிருந்து பழைய டிஸ்க் கோப்பில் எழுதுவது நின்றுவிடும். அதன்பின் கெஸ்ட் எழுதுவதெல்லாம் புதிதாக உருவான இன்னொரு கோப்பில் போய்ச் சேரும். பழையது இல்லாமல் புதியது செல்லாது. இதற்கு மேல் தியரி வேண்டாம்.

## எதையும் தொடும் முன்

திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அழுத்தாதீர்கள். ஒவ்வொரு முறை விஎம் கிளம்பும்போதும் விர்ச்சுவல்பாக்ஸ் புது லாக், அதாவது நடந்ததைப் பதியும் கோப்பு, எழுதும். பழைய லாக்குகளில் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். நாலைந்து முறை முயன்றால் உண்மையில் விழுந்த நேரத்து லாக் போயே போய்விடும். எனவே முதல் வேலை, விஎம் ஃபோல்டருக்குள் இருக்கும் "லாக்ஸ்" ஃபோல்டரை வேறு இடத்தில் காப்பி செய்வது.

"ஸ்னாப்ஷாட்ஸ்" ஃபோல்டரில் வளைவு அடைப்புக்குறிக்குள் நீளநீளமான எண்ணும் எழுத்துமாகப் பெயர் கொண்ட விடிஐ என்ற விர்ச்சுவல் டிஸ்க் கோப்புகள் இருக்கும். பார்த்தால் குப்பை போலத் தெரியும். அவற்றில் ஒன்றைக்கூட கையால் அழிக்காதீர்கள். நீங்கள் கடைசியாகச் செய்த வேலை அங்கேதான் இருக்கிறது.

வெளி டிரைவில் இடம் இருந்தால், விஎம்மை அணைத்த நிலையில் முழு ஃபோல்டரையும் அப்படியே காப்பி எடுத்து வையுங்கள். பிரதான விடிஐ வேறு டிரைவில் இருந்தால் அதையும் சேர்த்து. விஎம் "பாஸ்", அதாவது தற்காலிக நிறுத்த நிலையில் நின்றிருந்தால் மட்டும் அணைக்காமல் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: எடுத்த சில மணி நேரத்திலோ சில நாளிலோ விஎம் தானாக நின்றுபோகிறது

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திரை உறைந்து, ஜன்னல் தலைப்பில் "பாஸ்டு" என்று வரும். ஹோஸ்டில் இடம் தீர்ந்துவிட்டது என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். சிலர் அதைப் படிக்காமலே மூடிவிடுவார்கள். லாக்கில் "டிஸ்க்ஃபுல்" என்று தேடினால் கிடைத்துவிடும்.

இதில் ஒரு நல்ல சேதி உண்டு. விஎம் சாகவில்லை, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. பவர் ஆஃப் செய்யாதீர்கள். ஹோஸ்டில் இடம் ஏற்படுத்திவிட்டு, "மெஷின்" மெனுவில் "பாஸ்" குறியை எடுத்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து ஓடும். அவசரப்பட்டு அணைத்தால்தான் கெஸ்டின் ஃபைல் சிஸ்டம் அடிபடும்.

எந்த டிரைவில் இடம் இல்லை? பலரும் தவறான டிரைவைத்தான் பார்க்கிறார்கள். விடிஐ கோப்பை இடம் தாராளமாக உள்ள டி டிரைவில் வைத்திருப்பார்கள். ஆனால் விஎம்மின் சொந்த ஃபோல்டர் வழக்கம்போல சி டிரைவில், யூசர் ஃபோல்டருக்குள் "விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்ஸ்" என்ற பெயரில் இருக்கும். ஸ்னாப்ஷாட் கோப்புகள் விடிஐயைப் பின்தொடராது, விஎம் ஃபோல்டரைத்தான் பின்தொடரும். டி டிரைவில் 300 ஜிபி காலி, சி டிரைவில் 4 ஜிபி மிச்சம் என்ற நிலையில் ஸ்னாப்ஷாட் எடுத்தால், அன்றிலிருந்து எழுதுவதெல்லாம் சி டிரைவுக்குப் போகிறது. செட்டிங்ஸில் ஜெனரல் பகுதிக்குள் போனால் ஸ்னாப்ஷாட் ஃபோல்டரின் பாதை தெரியும்.

அந்தப் பாதையை அங்கேயே மாற்றிவிடலாம் என்று தோன்றும். ஸ்னாப்ஷாட் ஏற்கெனவே இருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் மாற்ற விடாது. விஎம்மை முறையாக ஷட் டவுன் செய்துவிட்டு, "மெஷின்" மெனுவில் உள்ள "மூவ்" மூலம் மொத்தமாக வேறு டிரைவுக்கு மாற்றுவதே வழி. எக்ஸ்ப்ளோரரில் கட், பேஸ்ட் செய்தால் கீழே சொல்லப்போகும் "இன்அக்சஸிபிள்" அறிகுறி வந்து நிற்கும்.

எவ்வளவு இடம் வேண்டும்? 50 ஜிபி டிஸ்க் என்றால், ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்குப் பின்னும் உருவாகும் கோப்பு அதிகபட்சம் 50 ஜிபி வரை வளரலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த ஸ்னாப்ஷாட் என்றால் ராமில் இருந்ததும் தனிக் கோப்பாகச் சேரும். கெஸ்டில் விண்டோஸ் அப்டேட் ஒரு சுற்று ஓடினாலே ஜிபி கணக்கில் ஏறும். டிஃப்ராக் ஓட்டினால் கேட்கவே வேண்டாம். புது டேட்டா ஒன்றுமே இல்லாமல் இருக்கிற பிளாக்குகளையே இடம் மாற்றி எழுதி, ஸ்னாப்ஷாட் கோப்பை ஊதிவிடும். கெஸ்டில் தானாக ஓடும் டிஃப்ராக்கை நிறுத்தி வைப்பது நல்லது.

இடம் பிடிக்கக் கெஸ்டுக்குள் புகுந்து கோப்புகளை அழிப்பார்கள். பயனில்லை, ஹோஸ்டில் ஒரு எம்பி கூடத் திரும்பி வராது. அழிக்க வேண்டியது ஹோஸ்டில்: டவுன்லோட்ஸ் ஃபோல்டர், பழைய ஐஎஸ்ஓ கோப்புகள், ரீசைக்கிள் பின்.

இடம் நிறைய இருந்தும் நிற்கிறதா? டிரைவின் ஃபார்மட்டைப் பாருங்கள். ஸ்னாப்ஷாட் ஃபோல்டரை மட்டும் ஃபேட்32 ஃபார்மட்டில் உள்ள வெளி டிரைவுக்கு மாற்றியிருந்தால், கோப்பு 4 ஜிபியைத் தொட்டதும் அதற்கு மேல் எழுத முடியாது. டிரைவ் முக்கால்வாசி காலியாக இருந்தாலும் இதே கதைதான். என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் டிரைவுக்கு மாறுங்கள்.

"ஸ்னாப்ஷாட்டை டெலிட் பண்ணினா இடம் வந்துடுமே?" வரும், ஆனால் இந்த நேரத்தில் வேண்டாம். டெலிட் என்றால் அழிப்பதல்ல, இரண்டு கோப்புகளை ஒன்றாக்குவது. அதற்கே இடம் தேவை. விளிம்பில் நிற்கும் டிரைவில் அதை ஆரம்பித்துப் பாதியில் நின்றால், ஒரு தொல்லை இரண்டாகும். முதலில் வேறு வழியில் இடம் பிடியுங்கள்.

## அறிகுறி: ஸ்னாப்ஷாட் எடுக்கும்போதே உறைகிறது அல்லது விழுகிறது

முதலில் அது உண்மையிலேயே உறைந்ததா என்று பாருங்கள். ஓடும் விஎம்மில் ஸ்னாப்ஷாட் எடுத்தால் ராம் முழுதையும் டிஸ்கில் எழுத வேண்டும். 8 ஜிபி ராம் கொடுத்த விஎம், சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் சில நிமிடங்கள் அசையாது. ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, ராம் எழுதப்படும் எஸ்ஏவி கோப்பின் அளவைக் கவனியுங்கள். வளர்ந்துகொண்டிருந்தால் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

வளரவில்லை, அல்லது விஎம் விழுந்தே விட்டது என்றால் ஒரு சோதனை. விஎம்மை முழுதாக ஷட் டவுன் செய்துவிட்டு ஸ்னாப்ஷாட் எடுங்கள்.

*அணைத்த நிலையில் எடுக்க முடிகிறது:* டிஸ்கில் கோளாறு இல்லை, ராமைச் சேமிக்கும் இடத்தில்தான் சிக்கல். டிஸ்ப்ளே செட்டிங்கில் 3டி ஆக்சிலரேஷனை எடுத்துவிட்டு மறுபடி ஓடவிட்டுச் சோதியுங்கள். நேரடியாக இணைத்த யுஎஸ்பி சாதனங்களைக் கழற்றுங்கள். ஹோஸ்டில் மிச்சமுள்ள ராமைப் பாருங்கள். 8 ஜிபி லேப்டாப்பில் 6 ஜிபியை விஎம்முக்கே கொடுத்துவிட்டு, பின்னால் குரோமில் இருபது டேப் திறந்து வைப்பவர்கள் உண்டு. இவற்றில் எதுவும் பலிக்கவில்லையென்றால், இனி அணைத்த நிலையில் மட்டும் எடுப்பது என்று முடிவு செய்துவிடுங்கள். என்னைக் கேட்டால் எல்லோருக்கும் அதுவே போதும். ராமோடு எடுத்த ஸ்னாப்ஷாட்டால் வரும் வசதியைவிடத் தலைவலி அதிகம்.

*அணைத்த நிலையிலும் முடியவில்லை:* இடம், எழுதும் அனுமதி, பிறகு ஆன்டிவைரஸ் என்ற வரிசையில் பாருங்கள். விஎம் ஃபோல்டர் ஒன்டிரைவ் போன்ற சிங்க் ஆகும் இடத்தில் இருந்தால், அது கோப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. ஃபோல்டரை வெளியே நகர்த்துங்கள், ஆன்டிவைரஸில் அந்த ஃபோல்டருக்கு விலக்கு கொடுங்கள்.

## அறிகுறி: ஸ்டார்ட் செய்தால் பழைய நிலையை ஏற்றும்போது பிழை காட்டி நிற்கிறது

சதவீதம் ஏறும், பாதியில் ஒரு பிழைப்பெட்டி, மறுபடி "ஸேவ்டு" நிலை. நடுவில் விர்ச்சுவல்பாக்ஸை அப்டேட் செய்தீர்களா, விஎம்மை வேறு பிராசஸர் உள்ள கணினிக்குக் கொண்டுபோனீர்களா என்று யோசியுங்கள். அநேகமாக இரண்டில் ஒன்றுக்கு "ஆமாம்" என்பதே பதிலாக இருக்கும். சேமித்த ராம் நிலை பழைய பதிப்புக்கும் பழைய பிராசஸருக்கும் பொருந்தி எழுதப்பட்டது.

திறந்து வைத்திருந்த, சேமிக்காத வேலை முக்கியம் என்றால் பழைய பதிப்பை மறுபடி நிறுவி, அல்லது பழைய கணினிக்கே கொண்டுபோய், விஎம்மை எழுப்பி முறையாக ஷட் டவுன் செய்யுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் "டிஸ்கார்ட் ஸேவ்டு ஸ்டேட்". பெயர் பயமுறுத்தினாலும் அது டிஸ்கைத் தொடாது. ஓடும் கணினியில் கரண்ட் போனால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். அடுத்த பூட்டில் கெஸ்ட் டிஸ்க் சோதனை ஓட்டினால் தடுக்காமல் விடுங்கள்.

## அறிகுறி: விஎம் பெயருக்குக் கீழே "இன்அக்சஸிபிள்", அல்லது யுயுஐடி பொருந்தவில்லை என்ற பிழை

ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் டிஸ்க் கோப்புகளின் சங்கிலியில் ஒரு கண்ணி காணோம், அல்லது பொருந்தவில்லை என்று அர்த்தம். யுயுஐடி என்பது ஒவ்வொரு டிஸ்க் கோப்புக்கும் உள்ள தனி அடையாள எண். விர்ச்சுவல் மீடியா மேனேஜரைத் திறந்தால் டிஸ்க்குகள் மரம் போல விரியும். எச்சரிக்கைக் குறி எதில் இருக்கிறதோ அதன் மேல் மவுஸை வைத்தால் எந்தப் பாதையில் தேடுகிறது என்று தெரியும். செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

டிரைவ் எழுத்து மாறியிருக்கலாம். நேற்று இ டிரைவாக இருந்த வெளி டிரைவ் இன்று எஃப் என்று வந்திருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் பழைய எழுத்தையே கொடுங்கள். முடிந்தது.

கோப்பு இடம் மாறியிருக்கலாம், பெயர் மாறியிருக்கலாம். பாதை காட்டும் அதே இடத்தில், அதே பெயரில் திரும்ப வையுங்கள்.

யாரோ அழித்திருக்கலாம். ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். பெரிய கோப்புகள் அதில் தங்காமல் நேராகப் போயிருக்கவும் வாய்ப்புண்டு. இல்லையென்றால் அந்த டிரைவில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் நிறுத்துங்கள்; எஸ்எஸ்டி என்றால் கணினியையே உடனே அணையுங்கள்.

செட்டிங்ஸ் கோப்பு வெறுமையாகியிருக்கலாம். ஸ்னாப்ஷாட் எடுக்கும் நேரத்தில் கரண்ட் போயிருந்தால், விபாக்ஸ் என்ற நீட்சி கொண்ட கோப்பு 0 கேபி என்று நிற்கும். பக்கத்திலேயே "ப்ரெவ்" என்று முடியும் முந்தைய பிரதி இருக்கும். அதன் பெயரை மாற்றிப் பயன்படுத்தச் சொல்லும் அறிவுரை எல்லா இடத்திலும் கிடைக்கும், சரியானதுதான். ஆனால் அதற்கு முன் அந்தப் பிரதியை நோட்பேடில் திறந்து, உங்கள் கடைசி ஸ்னாப்ஷாட்டின் பெயர் உள்ளே இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அது ஸ்னாப்ஷாட்டுக்கு முந்தைய அமைப்பு. அதை வைத்து ஸ்டார்ட் செய்தால் விஎம் அழகாகக் கிளம்பும், நேராகப் பழைய டிஸ்கிலேயே எழுதும். அந்த நொடியில் ஸ்னாப்ஷாட்டுக்குப் பின் செய்த அத்தனையும் அதன் அடித்தளத்தோடு பொருந்தாமல் போய்விடும். பெயர் இல்லையென்றால் ஸ்டார்ட் தொடாதீர்கள்.

அடித்தள டிஸ்க், அதாவது ஸ்னாப்ஷாட்டுக்கு முந்தைய பிரதான விடிஐ, மாறியிருக்கலாம். அதே விடிஐயை இன்னொரு விஎம்மில் இணைத்து ஒருமுறை பூட் செய்தவர்களுக்கு வருவது இது. இணையத்தில் யுயுஐடியைத் திருத்தி எழுதும் கட்டளைகள் கிடைக்கும். அவை பிழைச் செய்தியின் வாயை அடைக்கும், டேட்டாவைச் சரிசெய்யாது. காப்பி இல்லாமல் முயலவே வேண்டாம்.

## அறிகுறி: கிளம்புகிறது, ஆனால் கெஸ்டில் நீலத்திரை, கெர்னல் பேனிக், அல்லது ரீட்-ஒன்லி

இங்கே எனக்குப் பிடித்த கருவி, விஎம்மைத் தனியாக நகலெடுக்கும் "க்ளோன்". ரீஸ்டோர் அல்ல. ரீஸ்டோர் செய்தால் இப்போதைய நிலை போய்விடும். க்ளோன் சங்கிலியை வாசிக்க மட்டுமே செய்யும்.

பட்டியலில் ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்து, வெளி டிரைவுக்கு ஒரு ஃபுல் க்ளோன் எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

*க்ளோன் நன்றாக ஓடுகிறது:* அடித்தளம் நலம். ஸ்னாப்ஷாட்டுக்குப் பின் எழுதியதில்தான் பழுது. இப்போதைய நிலையையும் தனியாக ஒரு க்ளோன் எடுத்து, அந்த இரண்டாவது க்ளோனில் மட்டும் பழுதுபார்ப்பை ஓட்டுங்கள்: விண்டோஸ் கெஸ்ட் என்றால் ரிக்கவரி மெனுவிலிருந்து செக் டிஸ்க், லினக்ஸ் என்றால் லைவ் ஐஎஸ்ஓவில் பூட் செய்து, ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே. மூலத்தில் ஓட்டாதீர்கள்.

*க்ளோனும் அதேபோல விழுகிறது:* கோளாறு ஸ்னாப்ஷாட்டுக்கு முன்பே உள்ளே இருந்திருக்கிறது. டிரைவர், அப்டேட், அல்லது ஹோஸ்டின் ராம். ஹோஸ்டில் ஒரு இரவு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டுங்கள்.

*க்ளோனே பாதியில் வாசிப்புப் பிழையோடு நிற்கிறது:* ஹோஸ்டின் டிஸ்கில் பேட் செக்டர். டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள், மற்ற முக்கியமான கோப்புகளை இப்போதே வெளியே எடுங்கள், கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

லினக்ஸ் கெஸ்ட் மட்டும் ரீட்-ஒன்லிக்குப் போகிறது என்றால், கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் டிஸ்க் டைம்அவுட் வரிகளைத் தேடுங்கள். ஹோஸ்ட் டிஸ்க் 100 சதவீதத்தில் திணறும்போது கெஸ்டின் வழக்கமான 30 வினாடிப் பொறுமை தீர்ந்துவிடும். ஃபைல் சிஸ்டம் தற்காப்பாகப் பூட்டிக்கொள்ளும். ஸ்டோரேஜ் செட்டிங்கில் "யூஸ் ஹோஸ்ட் ஐஓ கேஷ்" போட்டுப் பாருங்கள். நிரந்தரத் தீர்வு விஎம்மை எஸ்எஸ்டிக்கு மாற்றுவது.

## அறிகுறி: ஸ்னாப்ஷாட் டெலிட் பாதியில் நின்றது

ஓடிக்கொண்டிருந்தால் காத்திருங்கள். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் வேலை செய்கிறது என்றால் அது சாகவில்லை. உண்மையிலேயே நின்றுவிட்டது, கரண்ட் போய்விட்டது என்றால், மறுபடி டெலிட் அழுத்தும் முன் "கரண்ட் மெஷின் ஸ்டேட்", அதாவது இப்போதைய நிலை, தேர்ந்து ஒரு ஃபுல் க்ளோன். ஸ்னாப்ஷாட் எதுவும் ஒட்டாத, ஒரே டிஸ்க் கொண்ட புது விஎம் கிடைக்கும். அது ஓடினால், பழையதைச் சரிசெய்ய மெனக்கெடவே தேவையில்லை.

## ஆபீஸ் சர்வர்: இஎஸ்எக்ஸ்ஐ, ப்ராக்ஸ்மாக்ஸ்

விஎம் நின்று, இடம் இல்லை என்று கேள்வி கேட்கிறது. இஎஸ்எக்ஸ்ஐயில் "ரீட்ரை", "கேன்சல்" என்று இரண்டு தெரிவுகள் வரும். கேன்சல் அழுத்தினால் விஎம் அணைந்துவிடும். விஎம் கோப்புகள் இருக்கும் டேட்டாஸ்டோரில் இடம் பிடித்த பிறகு ரீட்ரை. உடனடியாக இடம் வேண்டுமென்றால், அதே டேட்டாஸ்டோரில் இருக்கும் முக்கியமில்லாத விஎம் ஒன்றை அணையுங்கள். ராம் ரிசர்வேஷன் இல்லாத விஎம்முக்கு அதன் ராம் அளவுக்கு ஒரு ஸ்வாப் கோப்பு இருக்கும், அணைத்ததும் அது போய்விடும். 16 ஜிபி ராம் உள்ள டெஸ்ட் விஎம் என்றால் 16 ஜிபி கையில். ப்ராக்ஸ்மாக்ஸில் இதே நிலை "ஐஓ-எரர்" என்ற மஞ்சள் முக்கோணமாக வரும். விஎம் டிஸ்க்குகளுக்கு இடம் தரும் எல்விஎம் தின் பூல் நிரம்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பேக்கப் ஓடும் நேரத்தில் மட்டும் விழுகிறது. பேக்கப் மென்பொருள் தானே ஸ்னாப்ஷாட் எடுக்கிறது, கூடவே கெஸ்டை ஒரு கணம் அடக்கி வைக்கச் சொல்கிறது. ஒரு முறை, அப்படி அடக்கும் "குவைஸ்" இல்லாமல் கையால் எடுத்துப் பாருங்கள். விழவில்லை என்றால் குற்றவாளி கெஸ்டுக்குள் இருக்கிறான். விண்டோஸில், ஸ்னாப்ஷாட்டுக்கு மென்பொருள்களைத் தயார்படுத்தும் விஎஸ்எஸ் ரைட்டர்களின் பட்டியலை எடுத்து, ஃபெயில்டு என்று நிற்பது எது என்று பார்த்து அதன் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். லினக்ஸில் டெம்ப் ஃபோல்டர், ஒரு கோப்பையே டிஸ்க் போலக் காட்டும் லூப் டிவைஸாக மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸ்டிங் பேனல் போட்ட சர்வர்களில், கெஸ்டை அடக்கும் அந்த ஃப்ரீஸ் அங்கேதான் போய் மாட்டும்.

"கன்சாலிடேஷன் நீடட்" எச்சரிக்கை. பட்டியலில் ஸ்னாப்ஷாட் இல்லை, ஆனால் கோப்புகள் மிச்சம். இடம் இருப்பதை உறுதிசெய்துவிட்டு, கூட்டம் குறைந்த நேரத்தில், அவற்றை ஒன்றாக்கும் கன்சாலிடேட் கொடுங்கள்; முடியும் தறுவாயில் விஎம் சற்று உறையும். டேட்டாஸ்டோர் பிரவுசரில் போய் 000001 என்று முடியும் கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள். சங்கிலியில் 32 ஸ்னாப்ஷாட் வரை அனுமதி உண்டு, ஆனால் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம், எதையும் 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது இஎஸ்எக்ஸ்ஐயை உருவாக்கிய விஎம்வேரே சொல்லும் கணக்கு.

## ஆள் கூப்பிட வேண்டிய இடம்

அடித்தள டிஸ்க் காணோம் அல்லது அதில் பேட் செக்டர். தாய்க் கோப்பு மாறிவிட்டது என்று விர்ச்சுவல்பாக்ஸ் யுயுஐடி வழியாகவோ இஎஸ்எக்ஸ்ஐ சிஐடி என்ற அடையாள எண் வழியாகவோ சொல்கிறது. உள்ளே கணக்கு டேட்டாபேஸ் இருக்கிறது, வேறு பேக்கப் இல்லை. இவற்றில் ஒன்று பொருந்தினாலும் கையை எடுத்துவிடுங்கள். முதலில் முயன்று பார்த்துவிட்டு முடியாவிட்டால் கொடுக்கலாம் என்று நினைத்தால், டேட்டா ரிக்கவரிக்காரரிடம் போவது இரண்டு மடங்கு குழப்பம்.

அவரிடம் கொடுக்க வேண்டியது: மூல டிஸ்க், முதலில் காப்பி எடுத்து வைத்த லாக்குகள், விபாக்ஸ் அல்லது விஎம்எக்ஸ் செட்டிங்ஸ் கோப்பு, ஸ்னாப்ஷாட் எடுத்த தேதி, அதன்பின் நீங்கள் செய்தது ஒவ்வொன்றும் நடந்த வரிசையில். வேலையைத் தொடங்கும் முன் டிஸ்கை இமேஜ் எடுத்து, அந்த இமேஜில்தான் கை வைப்பாரா என்று கேளுங்கள். இல்லை, நேரடியாகவே பார்க்கிறேன் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.